மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பெட்டியைப் போட்டால் இமேஜ் இறங்கவில்லை: உங்களுக்கு எங்கே சிக்கியது?

மண்டபம்:

மீன் எடை போடும் இடத்துப் பெட்டி. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி, இமேஜை (மென்பொருளை மொத்தமாகக் கட்டிய பொதி) இழுத்து ஓட்டும் பாட்மேன், கையெழுத்துப் போடும் கருவியான கோசைனின் கீயால் சைன் செய்த ஒரே ஒரு இமேஜ். ஏப்ரல் 14 இரவு கரண்டை நிறுத்தியது, ஜூன் 15 விடியக்காலை மறுபடி போட்டது. புதுப் பதிப்பு இறங்க மறுத்தது. கையெழுத்துதான் கோளாறு என்று அங்கே நின்ற எல்லாரும் சொன்னார்கள். லாகில் இருந்தது வேறு: சர்டிஃபிகேட் காலாவதி, அல்லது இன்னும் அமலுக்கு வரவில்லை. அதே வரியின் கடைசியில், இப்போதைய நேரம் ஏப்ரல் 14, அது மே மாதத் தேதிக்கு முந்தையது.

பை 4-இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. அணைக்கும்போது ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் எழுதி வைத்த நேரத்திலிருந்துதான் திரும்ப எண்ணத் தொடங்கும். இமேஜ்கள் இருக்கும் சர்வரான ரெஜிஸ்ட்ரியில் இருந்தது லெட்ஸ் என்கிரிப்ட்டின் 90 நாள் சர்டிஃபிகேட். வழக்கமாக 60 நாளில் புதுப்பித்துவிடும். தடைக்காலம் 61 நாள். அப்படியென்றால் இடையில் ஒரு தடவையாவது அது மாறியே தீரும், புதியதின் தொடக்கத் தேதி பெட்டியின் கடிகாரத்துக்கு எதிர்காலம். நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ள யுடிபி 123 போர்ட் திறந்திருக்க வேண்டும், அங்கிருந்த இணைய டாங்கிளில் அது அடைப்பு. கையால் தேதி வைத்ததும் இமேஜ் இறங்கிவிட்டது.

நிரந்தரத் தீர்வு டிஎஸ்3231 கடிகாரச் சில்லு. கன்ஃபிக் கோப்பில் ‘டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231’ என்று ஒரு வரி, பிறகு ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக்கை நீக்க வேண்டும். உப்புக் காற்றில் பின்னெல்லாம் பச்சை பூத்துவிடும் என்பதால் சொருகி விடாமல் சால்டர் வைத்து, மேலே கோட்டிங் அடியுங்கள்.

இன்னும் உறுத்துவது ஒன்றுதான். ‘பாலிசி கோப்பை இன்செக்யூர்-அக்செப்ட்-எனிதிங் என்று மாத்து, வேலை ஓடட்டும்’ என்று, அதாவது கையெழுத்தே பார்க்காமல் எதையும் ஏற்கும்படி, ஒருவர் அவசரப்படுத்தினார். மாற்றியிருந்தாலும் இறங்கியிருக்காது, சர்டிஃபிகேட் பார்க்கும் டிஎல்எஸ் அதற்கு முந்தைய படி. ஆனால் பாதுகாப்பு போனது போனதாகவே இருந்திருக்கும், திருப்பி வைக்க யாருக்கும் ஞாபகம் வராது.

தொண்டி:

எங்க பக்கம் லைன் நம்ப முடியாது, எல்லாம் பென்டிரைவ்தான். பாட்மேன் மாதிரியான டாக்கர்ல சேவ் பண்ணி கோப்பாக்கி, அங்க போய் லோட், பெட்டியிலயே இருக்கிற சின்ன ரெஜிஸ்ட்ரிக்கு புஷ். கோசைன் வெரிஃபை போட்டா கையெழுத்தே இல்லைங்குது. ரெண்டு பக்கத்து டைஜஸ்ட்டையும் (இமேஜோட பைட்டுலேர்ந்து கணக்கிடுற அடையாளம்) பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா முதல் எழுத்துலேர்ந்தே வேற. இமேஜ் ஒண்ணுதான், ஒரு வரி கூட மாத்தல.

காரணம்: கன்டெய்னர்டி இமேஜ் ஸ்டோர்ங்கிற சேமிப்பு முறை போடாத டாக்கர், இமேஜோட அடுக்கான லேயரை அமுக்காம பிரிச்சுத்தான் வச்சிருக்கும். புஷ் பண்ணும்போது மறுபடி அமுக்கும். பைட்டு மாறுது, லேயர் பட்டியலான மேனிஃபெஸ்ட் மாறுது, டைஜஸ்ட்டும் மாறுது. கையெழுத்து பழைய டைஜஸ்ட்டுக்குப் போட்டது. அதுவும் (கோசைன் 2 வரைக்கும் இதுதான் வழக்கம்) ‘எஸ்எச்ஏ256-’னு தொடங்கி ‘.எஸ்ஐஜி’னு முடியிற தனி டேக்கா (டேக்னா இமேஜுக்கு ஒட்டுற பேரு) ரெஜிஸ்ட்ரியில கிடக்கு, டாக்கர் சேவ் அதைத் தொடவே தொடாது. கோசைன் சேவ், கோசைன் லோட் ரெண்டும் இதுக்குன்னே இருக்கு. ‘டிர்’ கொடியில ஃபோல்டர் பேரைக் குடுத்தா இமேஜும் கையெழுத்தும் சேந்தே வரும். வேலை முடிஞ்சுது.

கீழக்கரை:

தொண்டித் தம்பி, வேலை அதோட முடியாது. கோசைன் வெரிஃபை பாஸாகும், பாட்மேன் இழுக்காது. இரண்டும் பார்ப்பது ஒன்றல்ல.

கோசைன் கையெழுத்துக்குள்ளே ரெஜிஸ்ட்ரிப் பெயரும் ரெப்போ பெயரும் பதிந்திருக்கும், டேக் இருக்காது. பாட்மேனின் பாலிசி கோப்பில் ‘சிக்ஸ்டோர்-சைன்ட்’ (கோசைன் சேர்ந்த திட்டம்தான் சிக்ஸ்டோர்) வகையைப் போட்டுவிட்டு ‘சைன்ட்-ஐடென்டிட்டி’யை எழுதாமல் விட்டால், டேகால் இழுக்கும்போது டேகோடு சேர்த்துப் பெயர் பொருந்த வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பொருத்தம் ஒருநாளும் கிடைக்காது. நேரடியாக மூல ரெஜிஸ்ட்ரியிலிருந்து இழுத்தால் ‘மேட்ச்-ரெப்பாசிட்டரி’ போதும். உங்களைப்போல பெட்டியிலேயே உள்ள ரெஜிஸ்ட்ரிக்கு, லோக்கல்ஹோஸ்ட் 5000-க்கு நகர்த்தினால் அதுவும் போதாது, பெயரே மாறிவிட்டது. ‘எக்ஸாக்ட்-ரெப்பாசிட்டரி’ போட்டு, சைன் செய்தபோது இருந்த மூல ரெப்போ பெயரை அப்படியே கொடுக்க வேண்டும்.

கூடவே ரெஜிஸ்ட்ரீஸ்-டி ஃபோல்டரில் அந்த ரெஜிஸ்ட்ரிக்கு ‘யூஸ்-சிக்ஸ்டோர்-அட்டாச்மென்ட்ஸ்: ட்ரூ’ என்ற வரி வேண்டும். இல்லாவிட்டால் பாட்மேன் அந்த ‘.எஸ்ஐஜி’ டேகைத் தேடவே தேடாது. கையெழுத்து கண்ணெதிரே கிடக்க, ‘கையெழுத்து தேவை, ஆனால் எதுவும் இல்லை’ என்று பிழை சொல்லும்.

இன்னொன்று. டேகை யாரும் சோதிக்காததால், ஓட்டை உள்ள பழைய இமேஜை ‘லேட்டஸ்ட்’ என்று பெயர் மாற்றி வைத்தாலும் கையெழுத்து செல்லும், அதே கீதானே. ஆகவே பெட்டியில் டேக் எழுதாமல் டைஜஸ்ட்டையே எழுதுங்கள்.

ஏர்வாடி:

எங்களுக்குப் பல கணினிகளில் (நோட்) இமேஜ்களை (ஓடும்போது பாட்) ஓட்டும் குபர்நெட்டிஸ், அதில் கையெழுத்தைச் சோதிக்கும் கைவர்னோ. காலை 2 மணிக்கு ஒரு நோடைக் காலி செய்தார்கள், பாட் ஒன்றும் மறு நோடில் எழும்பவில்லை. முந்தின நாள் வரை ஓடிய அதே இமேஜ், அதே டைஜஸ்ட்.

ரெஜிஸ்ட்ரியின் சுத்தம் செய்யும் விதிதான் காரணம். ‘ப்ராட்’ என்று தொடங்கும் டேகுக்கு விலக்கு இருந்தது. கையெழுத்து டேக் ‘எஸ்எச்ஏ256-’ என்று தொடங்கும், அதற்கு விலக்கு இல்லை. இமேஜை விட்டுவிட்டுக் கையெழுத்தை மட்டும் அழித்திருந்தது. பாட் புதிதாக உருவாகும்போதுதான் கைவர்னோ சோதிக்கும். ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாது. அதனால் அழிந்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. பில்டு லாகில் இருந்த டைஜஸ்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதே டைஜஸ்ட்டை மறுபடி சைன் செய்ததும் எழும்பிவிட்டது.

தேவிபட்டினம்:

எல்லாரும் ஏன் இன்னும் கீயைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள்? பில்டு தானாக நடக்கும் பைப்லைனின் சீக்ரெட்டில் கீ, அதன் பாஸ்வேர்டும் அதே சீக்ரெட்டில். 2025 மார்ச்சில் கிட்ஹப்பில் பலர் பயன்படுத்திய டிஜே-ஆக்‌ஷன்ஸ் விவகாரத்தில் நடந்ததைப் பாருங்கள்: டேகுகளைக் கெட்ட கமிட்டுக்குத் திருப்பினார்கள், பில்டு லாகிலேயே சீக்ரெட் கொட்டியது. நிலையான கீ இல்லாமல் லாகின் அடையாளத்தால் சைன் செய்யும் கீலெஸ்ஸில் திருட ஒன்றுமே இல்லை. சிக்ஸ்டோரின் ஃபுல்சியோ தரும் சர்டிஃபிகேட் 10 நிமிடம்தான் செல்லும், ரெகோர் என்ற பொதுப் பதிவேட்டில் நேரம் பதிந்துவிடும்.

ஆனால் இதற்கும் ஒரு ஓட்டை பார்த்தேன், அதுதான் மனசில் நிற்கிறது. ஒரு டீமின் வெரிஃபை வரியில் ஐடென்டிட்டி ரெஜெக்ஸ் (சைன் செய்தவர் யார் என்று பொருத்திப் பார்க்கும் வடிவம்) இருந்த இடத்தில் ஒரு புள்ளியும் நட்சத்திரமும். கிட்ஹப் கணக்கு வைத்திருக்கும் எவர் சைன் செய்தாலும் அது பாஸ். கோசைன் 2.0-இல், 2023-இல், ஐடென்டிட்டியையும் அதை உறுதிசெய்யும் இஷ்யூயரையும் கட்டாயமாக்கியதே இதற்காகத்தான். கட்டாயம் என்றதும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதை எழுதி நிரப்பிவிட்டார்கள். நிறுவனப் பெயரோடு நிறுத்தினாலும் தப்பு, அதே பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் நாலு எழுத்தும் சேர்த்து வேறொருவன் கணக்கு திறக்கலாம். தொடக்கத்தில் தொப்பிக்குறி, ரெப்போ பெயர், ஒர்க்ஃப்ளோ கோப்பின் முழுப் பாதை, பிராஞ்ச், முடிவில் டாலர்குறி, நடுவில் வரும் புள்ளிக்கெல்லாம் பின்சாய்வு. ரெஜெக்ஸே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது, ‘செர்டிஃபிகேட்-ஐடென்டிட்டி’ கொடியில் முழு முகவரியையும் கொடுத்துவிடுங்கள். சொந்த மெயிலில் லாகின் செய்து சைன் செய்யாதீர்கள். அந்த முகவரி பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், அழிக்க வழியில்லை.

ராமநாதபுரம்:

கைவர்னோ இல்லாமல் சிக்ஸ்டோரின் பாலிசி-கன்ட்ரோலர் போட்டவர்கள் ஒன்று பாருங்கள். ‘பாலிசி.சிக்ஸ்டோர்.டெவ்/இன்க்ளூட்=ட்ரூ’ என்ற லேபிள் இல்லாத நேம்ஸ்பேஸை (குபர்நெட்டிஸின் உட்பிரிவு) அது சோதிக்காது. ஒரு இடத்தில் எல்லாம் பச்சையாக இருந்தது. சைன் செய்யாத இமேஜை வேண்டுமென்றே ஏற்றினால் அதுவும் ஜம்மென்று ஏறியது. சோதனை என்றால் மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்று பார்ப்பதுதான்.

மண்டபம்:

தேவிபட்டினம் அண்ணே, நீங்கள் சொல்வது பில்டு நடக்கும் இடத்துக்குச் சரி. கரையோரப் பெட்டிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீலெஸ் கையெழுத்தை ஆஃப்லைனில் சரிபார்க்கலாம்தான், ஆனால் சிக்ஸ்டோரின் நம்பிக்கை வேர்க் கோப்பு பழசாகாமல் பார்த்துக்கொள்வது யார்? இரண்டு மாதம் மூடிக் கிடக்கும் இடத்தில் ஒரே ஒரு பப்ளிக் கீ கோப்புதான் தாங்கும். பிரைவேட் கீயை சீக்ரெட்டில் வைக்காமல் கீயைப் பூட்டி வைக்கும் சேவையான கேஎம்எஸ்ஸில் வையுங்கள். கீயை மாற்றும்போது முதலில் இரண்டு பப்ளிக் கீயையும் ஏற்கிற பாலிசியைப் பெட்டிக்கு அனுப்புங்கள், ஓடுகிற டைஜஸ்ட்டைப் புதுக் கீயால் சைன் செய்யுங்கள், எல்லாப் பெட்டியும் ஒரு முறை இழுத்து முடித்த பிறகு பழையதை எடுங்கள். தடைக்காலத்துக்குள் மட்டும் கீ மாற்ற வேண்டாம்.

தொண்டி:

கீழக்கரைக் காக்கா, ‘எக்ஸாக்ட்-ரெப்பாசிட்டரி’ போட்டுப் பாத்தேன், லோக்கல்ஹோஸ்ட்லேர்ந்து இழுத்துடுச்சு. சைன் பண்ணாத ஒண்ணையும் விட்டுப் பாத்தேன், மறுத்துடுச்சு.