கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு அம்மா கொண்டுபோன சோறு

சத்துருவை நேசித்த அனுபவங்களை இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். நான் என் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அந்த மனசு இருக்கவில்லை.

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் நாங்கள் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தார். அந்தியில் மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்தை நிறுக்கும்போது, தராசு முள் நிற்பதற்கு முன்னமே, எங்கள் வேலையை மேற்பார்த்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். தண்ணிக்கு என்று கழிப்பார், கூடைக்கு என்று கழிப்பார், அப்புறம் காரணமே இல்லாமல் இன்னும் கொஞ்சம். 18 கிலோ 15 ஆகிவிடும். மழை நாளில் அரைப்பேர்தான்; நாள் முழுக்க நனைந்ததற்குப் பாதிச் சம்பளம். ஒருமுறை அம்மா வாய் திறந்து கேட்டுவிட்டார். கணக்கப்பிள்ளை மூன்று நாள் வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பினார். அந்த மூன்று நாளும் எங்களுக்கு ரொட்டியும் சாயத்தண்ணியும்தான்.

காலம் போய் அவர் ஓய்வு பெற்றார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் கொழும்பில். வாதம் வந்து வலது கை விழுந்துபோய், கீழ் லயத்தில், வரிசை வீடுகளில் ஒரு காம்பரா அறையில் தனியாகக் கிடந்தார்.

ஒரு சாயந்தரம் அம்மா சோறும் பருப்பும் போட்டு மூடினார். யாருக்கு என்று கேட்டேன், சொன்னார். எனக்கு உடம்பே பதறியது.

"அவரு செஞ்சதெல்லாம் மறந்துட்டீங்களாம்மா?"

"மறக்கல புள்ள. அவரு செஞ்சது அநியாயந்தான், கர்த்தர் முன்னாடியும் அப்படித்தான் சொல்லுவேன். அதுக்காகப் பட்டினியா படுக்க விடுறதா?"

மத்தேயு 5ஆம் அதிகாரத்தை நான் சின்னதிலிருந்தே ஒப்பித்தவள். "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்பதை மனசுக்குள் வர வேண்டிய ஒரு பாசம் என்றே நினைத்திருந்தேன். வசனம் அங்கே நிற்கவில்லை. ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள் என்று செய்ய வேண்டியதைத்தான் அடுக்கிக்கொண்டு போகிறது. இயேசு அதைச் சொன்னதும் ரோமருக்குக் கீழே வாழ்ந்த ஜனங்களிடம். ஒருவன் உன்னை ஒரு மைல் தூரம் வரப் பலவந்தம்பண்ணினால் என்று அதே அதிகாரத்தில் வருகிறதே, தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்யப்பண்ணுகிறார் என்றும் வருகிறது. எங்கள் லயத்துத் தகரத்தில் பெய்த மழைதான் கணக்கப்பிள்ளையின் தகரத்திலும் பெய்தது.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் நான் கொண்டுபோனேன். இடது கையால் தட்டைப் பிடிக்கப் பார்த்தார், தட்டு சாய்ந்தது, நான் பிடித்துக்கொண்டேன். வலது கை கம்பளிமேல் அசையாமல் கிடந்தது. செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேட்டில் 15 என்று எழுதிய கை. அதையே பார்த்தபடி அவருக்குச் சோறு ஊட்டினேன். பாசம் எதுவும் வரவில்லை. ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டேன்.

மன்னிப்பு என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. "இந்த மாசம் கொழுந்து எப்படி?" என்று மட்டும் கேட்டார். நல்லா இருக்கு ஐயா என்றேன்.

பதுளையிலிருந்து ஒரு பதில்:

அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், எங்கள் அப்பாவின் கடையை எரித்தார்கள். எரித்தவர்களில் இரண்டு பேர் எங்களிடம் கடனுக்குச் சாமான் வாங்கியவர்கள். கடன் கணக்குக் கொப்பி எரிந்துபோனாலும் கடன் எவ்வளவு என்று அப்பாவுக்கு மனப்பாடம். ஒருநாளும் போய்க் கேட்கவில்லை. இராத்திரி ஜெபத்தில் அந்த இரண்டு பேரின் பெயரையும் சொல்லுவார். எனக்கு அப்போது 11 வயது. வீட்டில் எல்லோரும் ஆமென் சொல்லுவார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நான்தான் வீட்டில் ஜெபம் நடத்துகிறேன். அந்தப் பெயர்கள் வரும் இடத்தில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன், அக்கா. பிறகு சொல்கிறேன்.