வெள்ளை அலமாரியில் மஞ்சள் வட்டங்கள்

பைன் பலகையில் நானே ஒரு புத்தக அலமாரி செய்தேன். ஆடாமல் நின்றது, அதுவே பெரிய விஷயம். பெயின்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் என்பது இன்னொரு டப்பாவை நம் தலையில் கட்டும் வேலை என்ற நினைப்பில், வெள்ளை எனாமலை நேராக வெறும் மரத்தில் அடித்தேன். மரம் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. பலகையின் முகத்தில் பளபளப்பு, அறுத்த முனைகளில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கல். மூன்று கோட்டிங் அடித்தும் திட்டுத்திட்டாகத்தான் இருந்தது.

சரி என்று எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தேன். 80ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120, அப்புறம் 180. அவசரத்தில் இழைக்குக் குறுக்கே தேய்த்த கீறல்கள் இன்றைக்கும் பெயின்டுக்கு அடியில் தெரிகின்றன. தண்ணீர் கலக்கும் பிரைமர் அடித்துக் காயவிட்டுத் தடவினால், மூன்று நாள் தாடி மாதிரி சொரசொரப்பு! ஈரம் பட்டால் மர நார் எழுந்து நிற்குமாம். 220 தாளால் லேசாக ஒரு தேய்ப்பு, ஈரத்துணியால் துடைப்பு. அதற்கு மேல் இரண்டே கோட்டிங்கில் வெள்ளை ஒரே சீராக வந்தது.

நாலு மாதம் நிம்மதியாகப் போனது. அப்புறம் அங்கங்கே மஞ்சள் வட்டம். டம்ளர் வைத்த தடம் என்று வீட்டில் எல்லோரையும் விசாரித்தேன். "நட்டுக்குத்தலாக நிற்கிற பலகையில் டம்ளரை எப்படி வைப்பது?" என்று மகள் கேட்டபோதுதான் உறைத்தது. வட்டம் விழுந்த இடமெல்லாம் கணு! கணுவில் இருக்கும் பிசின் சூட்டில் இளகி, பிரைமரையும் தாண்டி மேலே வந்துவிடுகிறது. மேலே எத்தனை தடவை பூசினாலும் ஊறி வரும். கடைசியில் அந்த இடங்களை மரம் தெரியும்வரை சுரண்டி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை, அதாவது ஷெல்லாக்கை, கணுவுக்கு வெளியே ஒரு விரற்கடை வரை இரண்டு முறை தடவினேன். ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் வாடை தலைக்கு ஏறும், தீப்பற்றவும் கூடியது. ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 1:
எனக்கு அடி விழுந்தது பட்டியில், அதாவது ஓட்டை அடைக்கும் பசையில். ஆணி ஓட்டைகளில் முதலில் பட்டி வைத்து, அதன்மேல் பிரைமர் அடித்தேன். பட்டியில் இருந்த எண்ணெயை வெறும் மரம் இழுத்துக்கொண்டது. காய்ந்ததும் பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. இப்போது முதலில் பிரைமர், பிறகு பட்டி, தேய்த்துவிட்டு பட்டி வைத்த இடத்தில் மட்டும் இன்னொரு கை பிரைமர்.

மறுமொழி 2:
எங்கள் வீட்டில் கதவு. முன்னும் பின்னும் அருமையாக அடித்தாயிற்று, தரையைப் பார்க்கும் அடி விளிம்பை மட்டும் விட்டுவிட்டோம். தினமும் தரை துடைக்கிற ஈரம் அந்த வழியாக ஏறி, கதவு உப்பி, மூட வராமல் போனது. கழற்றி இழைத்து மறுபடி அடித்தோம். அண்ணா, உங்கள் அலமாரியின் அடிப்பலகையையும் ஒரு தடவை பாருங்கள்.

பதிவிட்டவர்:
முகம் பார்க்கும் கண்ணாடியை அலமாரிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன் தம்பி. வெறும் மரம்தான்.