பிடிக்கவில்லை என்பதை ஆங்கிலத்தில் சொல்லிச் சமாளித்த கதைகள்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து:

வாடை தூக்கும் டுரியான் பழ சீசனில் எங்கள் குழு வேலை முடிந்து, பழக்கடைகள் இருக்கும் கேலாங் பக்கம் போவது வழக்கம். போன முறை மன்னார்குடியிலிருந்து புதிதாக வந்த தம்பியும் கூட வந்தார். சூப்பர்வைசர் அக்கா தன் காசில் நல்ல பழமாக வெட்டச் சொல்லி, முதல் சுளையை அவரிடம்தான் நீட்டினார். தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐ ஹேட் டுரியான்" என்றார். அக்கா எதுவும் சொல்லவில்லை. பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்புறம் அதே சுளை எங்கள் பிலிப்பீன்ஸ் நண்பரிடம் போனது. அவருக்கும் டுரியான் ஆகாது. ஆனால் அவர், "நாட் ரியலி மை திங், பட் ஐ லவ் மங்குஸ்டீன்" என்றார். டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்று இங்கே இரண்டையும் சேர்த்தே விற்பார்கள் அல்லவா? அக்கா உடனே ஒரு கிலோ வாங்கி, தானே பிதுக்கி உரித்துக் கொடுத்தார். பிடிக்காததைச் சொன்ன கையோடு பிடித்ததையும் சொல்லிவிட்டால் கொடுப்பவருக்குக் கை ஒடிவதில்லை.

தெம்பனிஸிலிருந்து:

பழத்துக்குச் சரி. மாட்டிறைச்சிக்கு இந்த நாசூக்கெல்லாம் உதவாது. "ஐ டோன்ட் லைக் பீஃப்" என்றால், "ட்ரை ஃபர்ஸ்ட் லா!" என்று கரண்டியோடு வருவார்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்க வைக்கலாம் என்றுதானே யாருக்கும் தோன்றும்? "ஐ டோன்ட் டேக் பீஃப்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். குவான்யின் என்ற கருணைத் தெய்வத்தை வழிபடும் சீனர்கள் பலரும் மாடு சாப்பிடுவதில்லை. அதனால் உணவங்காடி அங்கிளுக்கு இது பழகிய பேச்சு. காரத்துக்கும் அப்படித்தான், "கேனாட் டேக் ஸ்பைசி". இதெல்லாம் நம்மூர்ப் புழக்கம். லண்டன் போனால் 'டேக்' வேண்டாம், "ஐ டோன்ட் ஈட் பீஃப்" என்றே சொல்லுங்கள்.

ஜூரோங்கிலிருந்து:

என் மகனுக்கு இந்த வருடம் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. ஆங்கில வாய்மொழித் தேர்வில் படத்தைக் காட்டிப் பேச வைப்பார்கள். இப்படி ஓர் இடத்துக்குப் போகப் பிடிக்குமா, ஏன் என்று கேள்வி வரும். இவன் "யெஸ், ஐ லைக்" என்று நிறுத்திவிடுவான். தமிழில் "பிடிக்கும்" என்றால் போதும், ஆங்கிலத்தில் எது என்று சொல்லாமல் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். "ஐ லைக் இட் பிகாஸ்..." என்று தொடங்கப் பழக்கினேன். "என்ஜாய்", "டோன்ட் மைண்ட்", "கான்ட் ஸ்டாண்ட்" மூன்றுக்கும் பின்னால் வினை வந்தால் 'இங்' சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். காரணம் சொல்லும் பழக்கம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. இப்போது பாகற்காய் வைத்தால் 'பிகாஸ்' போட்டு அடுக்குகிறான், நான்தான் பதில் தேட வேண்டியிருக்கிறது.