கடல் தண்ணி சூடானா பவளம் வேகமா வளருமா, சாகுமா?

நெய்தல்மீனா:
பவளப்பூச்சி சுண்ணாம்பால எலும்புக்கூடு கட்டுதுல்ல, தண்ணி சூடா இருந்தா அது வேகமா நடக்கும்னு ஒரு இடத்துல படிச்சேன், இன்னொரு இடத்துல கடல் சூடாகுறதாலதான் பவளமே அழியுதுன்னு போட்டிருக்கு. ரெண்டும் எப்படிங்க உண்மையா இருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அலைவாசி:
ரெண்டுமே உண்மைதாங்க. ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப்ல போரைட்டஸ்னு ஒரு பவளம் இருக்கு, பாறாங்கல் மாதிரி உருண்டையா, வருஷத்துக்கு ஒன்னு ஒன்னரை சென்டிமீட்டர்தான் வளரும். டைவர் இறங்கி டிரில் போட்டு அதுலேருந்து நீளமா ஒரு துண்டு எடுப்பாங்க, ஓட்டைய சிமென்ட் வச்சு அடைச்சிட்டா பவளம் அது மேலயே வளர்ந்து மூடிக்கும். எடுத்த துண்ட மெல்லிசா அறுத்து எக்ஸ்ரே எடுத்தா, அடர்த்தியான பட்டையும் அடர்த்தி கம்மியான பட்டையும் மாத்தி மாத்தி வரும், ஒரு ஜோடின்னா ஒரு வருஷம். இத வச்சு ஜானிஸ் லஃப், டேவிட் பார்ன்ஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க 2000ல கணக்கு போட்டாங்க, சராசரி வெப்பம் 23லேருந்து 29 டிகிரி வரைக்கும் இருக்குற இடங்கள ஒப்பிட்டா, ஒரு டிகிரி கூடுனா வருஷ வளர்ச்சி சுமார் 3 மில்லிமீட்டர் கூடுது. ஆனா அதே ரீஃப்ல 328 பவளத்த பார்த்து 2009ல வந்த ஆய்வுல, 1990லேருந்து சுண்ணாம்பு சேருறது 14 சதவீதம் கொறஞ்சிருக்குன்னு வந்துச்சு. இதுதான் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு.

சூடு அளவு மீறுனா ஏன் ஆபத்துன்னா, பவளப்பூச்சியோட உடம்புக்குள்ள குடியிருக்குற பாசிதான் பவளத்துக்கு முக்கால்வாசி சோறு போடுது. அந்த இடத்தோட வழக்கமான கோடை உச்சத்த விட ஒரு டிகிரி கூடி சில வாரம் அப்படியே நின்னா, பாசி வெளிய போயிடும், பவளம் வெளுத்துடும், சுண்ணாம்பு கட்ட சக்தியே இருக்காது.

தெற்குக்காத்து:
அலைவாசி சொன்னதோட ஒன்னு சேர்க்கணும், எல்லா இடமும் ஒன்னு இல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவுல பவளப்பாறைகளோட தெற்கு எல்லையில இருக்குற அப்ரோலோஸ் தீவுகள்ல தண்ணி கொஞ்சம் குளிர்ச்சி, அங்க கடல் சூடாக சூடாக போரைட்டஸ் நூறு வருஷத்துல அதிகமா சுண்ணாம்பு சேர்த்திருக்குன்னு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. அதுக்காக சந்தோஷப்பட முடியாது, 2011 வெப்ப அலையில அந்த தீவுகள்லயும் பவளம் வெளுத்துச்சு. குளிர்ந்த பக்கம் வேற கஷ்டம், தண்ணி குளிர்ந்தா சுண்ணாம்பு சுலபமா கரையும், கூடு கட்ட செலவு அதிகம், அன்டார்டிக்கால சிப்பி நத்தைக்கெல்லாம் ஓடு மெல்லிசா இருக்க அதுவும் ஒரு காரணம்.

நெய்தல்மீனா:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அப்ப நம்ம மன்னார் வளைகுடா?

அலைவாசி:
அங்க ஏப்ரல் மே வந்தாலே தண்ணி 30 டிகிரிய தாண்டிடும்ங்க, அதனால இன்னும் சூடானா வளர்ச்சி கூடும்னு எதிர்பார்க்க இடமே இல்ல. 2010லயும் 2016லயும் தூத்துக்குடிலேருந்து ராமேஸ்வரம் வரைக்கும் பெரிய வெளுப்பு. 2016ல அதிகம் அடிவாங்குனது மான்கொம்பு பவளம் மாதிரி வேகமா வளர்ற வகைதான், போரைட்டஸ் பெரும்பாலும் தேறிடுச்சு.