தொட்டிக்கட்டு வீட்டுப் படம்: தூணெல்லாம் உள்ளே சாயுது, எடிட் பண்ணினா வீடே பொம்மை மாதிரி ஆயிருது

ஆழியாத்துக்காரன்:
வணக்கமுங்க. ஆனைமலைப் பக்கம் பழைய தொட்டிக்கட்டு வீடு (நடுவுல கூரையில்லாத முற்றம் இருக்கும், அதுதான் தொட்டி) ஒண்ணை ஆளுக வந்து தங்கற மாதிரி மாத்தறாங்க. அதுக்குப் படம் எடுக்கோணும். க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, 18-55 மிமீ லென்ஸ், ட்ரைபாட் இருக்குது. வாசல்ல 8 மீட்டர் தள்ளி நின்னு, 18-ல, படுக்கை வாக்குல எடுத்தது. கூரை முகடு சுமார் 6 மீட்டர் உசரம்.

தூணெல்லாம் மேல போகப் போக உள்ளே சாயுது. லைட்ரூம்ல (படம் திருத்தற சாஃப்ட்வேர்) சாய்வை நிமித்தற ‘ஆட்டோ’ அமுக்கினா தூண் நிமிருது, திண்ணை கோணிக்குது. உள்ளே எடுத்தா தொட்டி வெளுத்துப் போகுது, ஆசாரம் (உள்கூடம்) கும்மிருட்டு. ஷேடோவை முழுசாத் தூக்கினா ஓட்டு விளிம்புல வெள்ளையா ஒரு கோடு வேற. சுண்ணாம்புச் சுவரு ரோஸ் அடிக்குது. எங்கிருந்து சரி பண்றதுங்க?

ரசமட்டம்:
சாயறது லென்ஸ் குத்தமில்லீங்க, கேமரா அண்ணாந்து பாக்கறதுதான். கணக்கு இதுதான்: உங்க சென்சார்ல 18 மிமீ படுக்கை வாக்குல, கேமரா மட்டமா இருந்தா, நிக்கற தூரத்துல 0.43 பங்கு உசரம்தான் கேமராவுக்கு மேல தெரியும். 8 மீட்டருக்கு 3.5, ட்ரைபாட் ஒண்ணரை, ஆக 5 மீட்டர். முகடு 6. அந்த ஒரு மீட்டருக்காக அண்ணாந்திருக்கீங்க.

12 மீட்டர் பின்னால போனா 6.7 வரைக்கும் தெரியும். பின்னால இடமில்லையா, கேமராவை நிமித்தி வைங்க. அப்ப பங்கு 0.65, 8 மீட்டர்லயே அதே 6.7. அகலம் பத்தாதுன்னா நிமித்தின வாக்குல மூணு படம், ஒண்ணு மேல ஒண்ணு மூணுல ஒரு பங்கு படியற மாதிரி எடுத்து ஒட்டிக்கலாம். ஒட்டும்போது ‘பெர்ஸ்பெக்டிவ்’ தேர்ந்தெடுங்க. ‘சிலிண்ட்ரிக்கல்’ போட்டா திண்ணை வில்லு மாதிரி வளைஞ்சிரும். கீழே வாசல் மண்ணு நிறையத் தெரியும், அதை வெட்டிக்கங்க. ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவை அண்ணாத்தாம லென்ஸை மட்டும் மேல நகத்தறது) இருந்தா இந்தக் கணக்கே வேண்டாம், ஆனா ஒரு வீட்டுக்காக வாங்கற சாமான் இல்லை அது.

மிச்சம் மீதிச் சாய்வுக்கு ஆட்டோ வேண்டாம். அது கண்ட கோட்டையெல்லாம் சேர்த்துக்கிட்டு சராசரி போடும். முதல்ல லென்ஸ் ப்ரொஃபைல் திருத்தம் (லென்ஸால வர்ற வளைவை எடுக்கறது), அப்புறம் ‘கைடட்’ (எது நேர்னு நாமளே கோடு போட்டுக் காட்டறது). நாலு கோடு வரைக்கும் போடலாம். எதுல போடறதுங்கறதுலதான் விஷயமே இருக்குது. மரத்தூண் அடி பெருத்து நுனி சிறுத்திருக்கும், அதோட ஓரத்துல போட்டா தப்பாப் போகும். திண்ணை விளிம்பு கையால பூசினது, அலை இருக்கும். ஆசாரி தூக்குக்குண்டு விட்டு நிறுத்தின கதவு நிலைதான் நம்பிக்கையான கோடு: இடது வலதுன்னு ரெண்டு நிலைக்கால். படுக்கைக்கு நிலையோட மேல்கட்டை ஒண்ணு போதும்.

அதுக்கப்புறம் ‘வெர்ட்டிக்கல்’ ஸ்லைடரைக் கொஞ்சமா திருப்பி விடுங்க, 3 இல்லை 5. முழுசா நேராக்கினா மேல் பாகம் விரிஞ்ச மாதிரிதான் நம்ம கண்ணுக்குத் தெரியும்.

முகட்டோடு:
உள்ளே எடுப்பதற்குச் சில சேர்த்துக்கொள்கிறேன். தொட்டியின் நாலு தாழ்வாரமும் ஒரு சதுரம். நேர் எதிராக நின்றால் அந்தச் சதுரமே படத்தைக் கட்டிவிடும். நடுவில் நிற்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். இரண்டு பக்கத் தூணிலிருந்தும் டேப் பிடித்து அளந்து ட்ரைபாடை வையுங்கள். எதிர்ச் சுவரின் உத்தரம் வ்யூஃபைண்டரின் மேல் விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் ஓட்டு வரிசை காட்டிக்கொடுத்துவிடும்.

கேமரா உயரம் 1.1 முதல் 1.2 மீட்டர். நின்ற கண் மட்டத்தில் எடுத்தால் தரை அதிகமாகி, தாழ்வாரத்தின் அடி மரம் மறையும். ஒரு தூண் பின்தூணை மறைத்தால் பத்துப் பதினைந்து செ.மீ. நகர்ந்தாலே பிரிந்துவிடும், ஆனால் அப்போது நடு போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

திண்ணைக் கோடு படத்தின் சரியான மூலையில் வந்து முடியக் கூடாது. மூலைக்குச் சற்று மேலோ கீழோ விடுங்கள்.

ரசமட்டம்:
மூலை விஷயத்துல எனக்கு ஒப்புதல் இல்லீங்ணா. நேர் எதிரா எடுக்கற படத்துல மூலைக்கு வந்தாத்தான் கட்டு இறுகும். பக்கவாட்டுல எடுக்கறதுக்கு நீங்க சொல்றது சரி.

காங்கயம் கல்லு:
வெளிச்சத்துக்கு வர்றேன். ஒரே படத்துல இழுக்காதீங்க. ட்ரைபாட்ல, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) இடைவெளியில மூணு படம். மூணையும் லைட்ரூம்ல ‘எச்டிஆர்’னு ஒண்ணாச் சேர்த்த பிறகு ஹைலைட்ஸ் -50, ஷேடோஸ் +25, அதோட நிறுத்திக்கங்க. ஆசாரத்துல எண்ணெய் ஏறின மரம் கறுப்பாத்தான் இருக்கோணும். அதையும் வெளுக்க வச்சதுனாலதான் பொம்மை மாதிரி ஆச்சு.

ஓட்டு விளிம்புல வெள்ளைக் கோடு வர்றது ஷேடோவை முழுசாத் தூக்கறதால, கிளாரிட்டியும் டீஹேஸும் ஏத்தினா இன்னும் கூடும். இதெல்லாம் இருட்டும் வெளிச்சமும் சேர்ற இடத்தைத்தான் முறுக்கும். படம் முழுக்க கிளாரிட்டி 10-க்கு மேல வேண்டாம். ஓட்டுக்கு மட்டும் மாஸ்க் போட்டு டெக்ஸ்சர் 15 குடுங்க.

ரோஸ் அடிக்கறது காவித் தரையில பட்டு எழும்பற வெளிச்சம். வொயிட் பேலன்ஸை மாத்தினா தரையும் செத்துப் போகும். சுவருக்கு மட்டும் ப்ரஷ் பண்ணி சாச்சுரேஷனை -25 குறைங்க. குண்டு பல்பு எரிஞ்சா அணைச்சுட்டு எடுங்க.

திண்ணைக் கோடு எடுப்பாத் தெரிய ஒரு வேலை இருக்குது. ஃபோட்டோஷாப்ல 50 சதவீத சாம்பல் லேயர், பிளெண்ட் மோடு ‘சாஃப்ட் லைட்’. வெள்ளை ப்ரஷ், ஃப்ளோ 5. திண்ணை விளிம்புல ஒரு முனையில க்ளிக், ஷிஃப்ட் அமுக்கிட்டு மறுமுனையில க்ளிக், நேர்கோடா விழும். அடியில நிழலுக்கு இதே மாதிரி கறுப்பு. லேயரை அணைச்சு அணைச்சுப் பாருங்க, அணைச்சாத்தான் வித்தியாசம் தெரியோணும்.

ஆழியாத்துக்காரன்:
நிலைக்காலுல கோடு போட்டதும் திண்ணை தானா படிஞ்சிருச்சுங்ணா. எத்தனை மணிக்கு எடுத்தா நல்லதுங்க?

முகட்டோடு:
ஏப்ரல் மூன்றாம் வாரமும் ஆகஸ்ட் கடைசி வாரமும் நம் ஊரில் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேராக விழும். அப்போது தொட்டி அடுப்பு மாதிரி எரியும், தூணுக்கு நிழலே இருக்காது. மற்ற நாளிலும் பத்து மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். சாயங்காலத்தை நம்ப வேண்டாம், ஆனைமலைப் பக்கம் பஞ்சாங்க அஸ்தமனத்துக்கு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். நீல வெளிச்சம் அஸ்தமனத்துக்குப் பிறகு சுமார் இருபது நிமிடம்தான்.

காங்கயம் கல்லு:
ஆடி மாசமா இருந்தா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்கும். கூரைக்குப் பின்னால தென்னை ஓலை மூணு படத்துலயும் மூணு இடத்துல நிக்கும். சேர்க்கும்போது ‘டீகோஸ்ட்’ (அசைஞ்சதோட இரட்டை உருவத்தை எடுக்கறது) போடுங்க, ஆனா ‘லோ’-வுல மட்டும். ‘ஹை’ போட்டா ஓட்டு வரிசையில திட்டுத்திட்டா நொய்ஸ் வந்துரும்.