பாரோ (borrow, இரவல் வாங்கு), லெண்ட் (lend, இரவல் கொடு): இந்த ஆங்கிலச் சொற்களில் சீன மாணவர்களோடு உங்களுக்கு நடந்தது என்ன?

குவாங்சோ டீச்சர்:
கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் வாராந்திர நோட்டில் "ஐ பாரோட் மை அங்கிள் 5000 யுவான்" என்று எழுதியிருந்தார். 'ஃப்ரம்' விட்டுப்போயிற்று என்று நினைத்துச் சிவப்பு மையில் சேர்த்தேன். ஓரத்தில் "சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிடு" என்றும் எழுதினேன். நோட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் வாங்கவில்லை டீச்சர், கொடுத்தேன்" என்றார். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம், மருத்துவச் செலவுக்குக் கொடுத்திருக்கிறார். வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் மாண்டரினில் ஜியே என்ற ஒரே சொல்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தச் சிவப்பு வரி இன்னும் உறுத்துகிறது.

சிங்கப்பூர் ட்யூஷன்:
சீன மொழியை மட்டும் சொல்லாதீர்கள். இங்கே "பாரோ மீ யுவர் பென்" என்று மலாய்ப் பிள்ளைகளும் கேட்பார்கள். மலாயிலும் பின்ஜாம் என்று ஒரே வேர்தான். நமக்கு இரவல் வாங்கு, இரவல் கொடு என்று வினை தனித்தனியாக இருப்பதால் இந்தத் தவறு புரிவதில்லை.

வூஹான் எம்பிபிஎஸ்:
நூலகத்தில் ஒரு பெண் "ஹவ் லாங் கேன் ஐ பாரோ இட்?" என்று என்னிடம் கேட்டாள். பின்னால் நின்ற தோழி "கீப்! கீப்!" என்று கிசுகிசுத்தாள். பாரோ நொடியில் முடிகிற வினை, எத்தனை நாள் என்று கேட்டால் கீப்தான் வரவேண்டும் என்பது அங்கே பள்ளித் தேர்வுப் பாடம்.
டீச்சருக்கு ஒன்று. சீனத்தில் திசை காட்ட வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 'ஜியே கெய்' என்றால் கொடுப்பது, அது லெண்ட் டு. 'கன்' போட்டு ஆளைச் சொல்லி ஜியே என்றால் வாங்குவது, அது பாரோ ஃப்ரம். இந்த ஜோடிகளாகவே பழக்குங்கள், தனிச்சொல்லுக்குப் பொருள் எழுத வைக்காதீர்கள். ஆனால் "வோ ஜியே லெ தா யி பாய் குவாய்" (நான், ஜியே, அவர், நூறு யுவான்) என்று மொட்டையாகச் சொன்னால், 100 யுவான் யார் கைக்குப் போனது என்று சீனர்களுக்கே சந்தேகம் வரும். அதனால் திருத்தும் முன் பணம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், அங்கிள் என்றது யாரை? பெரியப்பா போபோ, சித்தப்பா ஷூஷூ, தாய்மாமா ஜியூஜியூ என்று நம்மைப் போலவே அவர்களும் பிரித்துத்தான் சொல்வார்கள்.

குவாங்சோ டீச்சர்:
ஜியூஜியூ. அதை மட்டும் அன்றைக்கே கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் நோட்டில் அவரே ஃப்ரமை அடித்துவிட்டு 'லெண்ட்' (lend) என்று எழுதியிருந்தார். இறந்தகாலமாக lent என்று ஆக்கவேண்டிய இடம்தான். நான் திருத்தவில்லை.