உதவி: பணம் போகிறது, ரசீது வரவில்லை. சரியாகும்வரை உறுப்பினர்களுக்கு என்ன சொல்வது?

வளவுக்காரன் (காரைக்குடி):
எங்கள் ஊர்க் கோயிலின் புள்ளி வரியை இப்போது ஆன்லைனில் வாங்குகிறோம். (வெளியூர் நண்பர்களுக்கு: கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி.) கணக்கு வேலை என் தலையில். இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. யுபிஐயில் கட்டிய பணம் கோயில் கணக்குக்கு வந்துவிடுகிறது, ஆனால் தளம் 'செலுத்தப்படவில்லை' என்கிறது. அப்புறம், ரசீது பிடிஎஃபில் தமிழ் உடைகிறது; 'கோ' என்றால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள், என் கேள்வி அது இல்லை. மென்பொருள்காரர்கள் எழுதித் தந்த அறிவிப்பு இது: "கட்டண நுழைவாயில் ஒருங்கிணைப்பில் தொழில்நுட்ப இடையூறு. சிரமத்திற்கு வருந்துகிறோம். விரைவில் சரிசெய்யப்படும்." வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் சிங்கப்பூரிலிருந்து ஓர் அண்ணன் கூப்பிட்டு, "அப்ப கட்டலாமா, கூடாதா?" என்றார். இன்னொருவர் கேட்கவே இல்லை, இரண்டு தடவை கட்டிவிட்டார். எப்படி எழுதுவது?

பெட்டகம் (தேவகோட்டை):
அந்த அண்ணன் கேட்டதற்குப் பதில்தான் உங்கள் முதல் வரி. 'மறுபடி கட்ட வேண்டாம்' என்று தொடங்குங்கள். காரணம் யாருக்கும் வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள். கடையில் யுபிஐ பணம் பிடித்தும் கடைக்காரருக்குச் சேரவில்லை என்றால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது 2019ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. பலருக்கு அது தெரியும். 'திரும்பி வரும்' என்று காத்திருப்பார்கள், வராவிட்டால் கோபப்படுவார்கள். உங்கள் விஷயத்தில் பணம் சேர்ந்துவிட்டது, திரும்பாது. அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நேரில் கட்டினவர்களுக்கு ஒன்றும் இல்லை என்றும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர்களும் அலுவலகத்துக்கு வந்து நிற்பார்கள்.

திண்ணைப்பேச்சு:
இதை ஏன் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும்? கேட்கிறவர்களுக்கு மட்டும் சொன்னால் போதாதா? சங்கத்துக்குத்தான் கெட்ட பேர்.

வளவுக்காரன்:
இரண்டு தடவை கட்டினவர் கேட்கவில்லையே அண்ணே.

கண்டனூர் ஆச்சி:
தம்பி, இரண்டு கோளாறையும் ஒரே அறிவிப்பில் போடாதே. எழுத்து உடைந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை, 'ரசீது செல்லும்' என்று தனியாகச் சொல்லிவிடு. பணத்துக்குத்தான் பதற்றம். அப்புறம், குழுவில் நீ போட்டதை நான் பார்ப்பதற்குள் அதன்மேல் காலை வணக்கப் பூக்கள் குவிந்துவிடுகின்றன. ஒரு நிமிஷத்தில் வாயால் பேசி அனுப்பு. கோயில் அலுவலக வாசலிலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் ஒட்டு. கண்ணாடி தேடாமல் படிக்கிற மாதிரி.

கோலாலம்பூர்க்காரன்:
ஆச்சி சொன்ன பூக்களுக்கு வழி இருக்கிறது: செய்தியை மேலே பின் செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் 30 நாள்வரை நிற்கும். திருத்த 15 நிமிஷம்தான் அவகாசம், ஃபார்வர்டு ஆகிப் போன பிரதி மாறவும் மாறாது. அதனால் ஒவ்வொன்றிலும் எண், நாள், நேரம் போடுங்கள். 'இந்திய நேரம்' என்று எழுதுங்கள், நாங்கள் இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 'விரைவில்' என்பதை எடுத்துவிட்டு, அடுத்த தகவல் எப்போது வரும் என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் வேலை முடியாவிட்டாலும் 'இன்னும் முடியவில்லை' என்று ஒரு வரி வர வேண்டும். பேசாமல் இருந்தால் நாங்களே ஒரு கதை கட்டிவிடுவோம்!

வளவுக்காரன்:
சரி, எழுதிப் பார்த்தேன்:

"அறிவிப்பு 2. சனிக்கிழமை, இந்திய நேரம் மாலை 6 மணி. யுபிஐயில் புள்ளி வரி கட்டி, வங்கியில் பணம் பிடித்தும் தளம் 'செலுத்தப்படவில்லை' என்றால் மறுபடி கட்ட வேண்டாம். உங்கள் யுபிஐ செயலியில் அந்தக் கட்டணத்தைத் திறந்தால் 12 இலக்க யுடிஆர் எண் (அந்தக் கட்டணத்தின் அடையாள எண்) இருக்கும். அதைப் பெயரோடு எங்களுக்கு அனுப்புங்கள். வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்துக் கையால் ரசீது எழுதித் தருகிறோம். இரண்டு தடவை கட்டியிருந்தால் ஒன்று திருப்பித் தரப்படும். இனிக் கட்டுகிறவர்கள் இப்போதைக்கு அலுவலகத்தில் கட்டலாம். நேரில் கட்டினவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அடுத்த தகவல் திங்கள் மாலை 6 மணிக்கு."

பெட்டகம்:
நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். வெளிநாட்டில் இருப்பவர் அலுவலகத்துக்கு எப்படி வருவார்? 'தளம் சரியாகும்வரை பொறுங்கள், தாமதக் கட்டணம் கிடையாது' என்று சேருங்கள், கமிட்டியில் கேட்டுவிட்டு. இன்னொன்று, இப்படி அறிவிப்பு வந்ததுமே 'பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்று மோசடிக்காரர்கள் கூப்பிடுவார்கள். 'ஓடிபி, யுபிஐ பின் நாங்கள் கேட்க மாட்டோம், லிங்க் எதுவும் அனுப்ப மாட்டோம்' என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வளவுக்காரன்:
கமிட்டியில் கேட்டாயிற்று, தாமதக் கட்டணம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். ஆச்சி, குரல் பதிவு இன்று இரவு வரும்.